இல்லம் தேடிக் கல்வி: பள்ளி மூடியிருந்த காலத்தின் இழப்பும் மீட்பும் – ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகள் கொரோனாக் காலத்தில் இழந்த படிப்பு எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது, தன்னார்வலர்களை வைத்து அரசு நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலை வகுப்புத் திட்டத்துக்கு அதில் என்ன பங்கு என்பதை இந்த ஆய்வுக் குறிப்பு 2019 முதல் வரிசையாகப் பதிவு செய்கிறது. இழப்பும் மீட்பும் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. அதனால்தான் இதைக் கல்விச் சமத்துவம் பற்றிய நிகழ்வாகப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். இதில் வரும் பிள்ளைகள், பெற்றோர், தன்னார்வலர்கள், அலுவலர்கள், ஆய்வாளர்கள் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மறுபடி தொடங்கிய நாள் 2021 நவம்பர் 1. நடுவில் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு அவ்வப்போது பள்ளி நடந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 19 மாதம் வகுப்பறையே இல்லை. தேர்வு இல்லாமல் எல்லோரையும் அடுத்த வகுப்புக்கு அனுப்பினார்கள். அன்றைய சூழலில் வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2021 நவம்பரில் நேராக மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் வகுப்பு என்ற ஒன்றை அது பார்க்கவே இல்லை.

மாற்று ஏற்பாடுகள் இருந்தன. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஓடின. வாட்ஸ்அப்பில் ஆசிரியர்கள் வீட்டுப்பாடம் அனுப்பினார்கள். பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. 2021-ல் முந்தைய வகுப்புப் பாடங்களை நினைவூட்டப் புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம் என்ற ஒன்றும் வந்தது. சில ஊர்களில் ஆசிரியர்கள் தாங்களாகவே தெருத்தெருவாகப் போய் மரத்தடியில் பாடம் நடத்தினார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான தேவை இருந்தது: வீட்டில் ஒரு பெரியவர் பிள்ளையோடு உட்கார வேண்டும், உட்கார்ந்தால் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரே ஒரு போன் இருக்கும். அது பகலில் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சார்ஜ் இருக்காது, இருந்தாலும் அனுப்பிய பாடத்தை விளக்கிச் சொல்ல அம்மா அதிகம் படித்திருக்க மாட்டார். படித்த தாய் இருந்த வீட்டில் பள்ளியின் ஒரு பகுதியாவது நடந்தது. அது இல்லாத வீட்டில் பள்ளி முழுவதுமாக நின்றுபோனது.

ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் இது கண்ணால் தெரிந்த விஷயம். ஆனால் எவ்வளவு, யாருக்கு, எந்தப் பாடத்தில் என்று கேட்டால் சொல்வதற்கு அப்போது எண் இல்லை.

2019-ல் எடுத்து வைத்திருந்த அளவு

இந்த நிகழ்வு மற்ற மாநிலங்களின் கதையிலிருந்து மாறுபடக் காரணம், பெருந்தொற்றுக்கு முன்பே ஓர் அளவீடு இருந்தது. ஸ்டாக்ஹோம் பொருளாதாரப் பள்ளி, மெக்சிகோவின் ஐடாம் பல்கலைக்கழகம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம் ஆகியவற்றைச் சேர்ந்த மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் கிராமங்களில் சிறு பிள்ளைகளின் எழுத்து, எண் அறிவை 2019-ல் அளந்து வைத்திருந்தார்கள். பள்ளிகள் மூடப்படும் என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. நோக்கம் வேறாக இருந்தாலும், அந்தப் பட்டியல்தான் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அடித்தளமானது.

அளந்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பள்ளிக்குப் போய் வகுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் தாள் கொடுத்துத் தேர்வு வைத்திருந்தால், அன்று வராத பிள்ளை விடுபட்டிருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளையைத் தொடர முடியாமலும் போயிருக்கும். இந்த ஆய்வில் பிள்ளைகளை அவர்கள் வீட்டிலேயே சந்தித்து, ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார்கள். வெவ்வேறு வயதுக்கு வெவ்வேறு கேள்விகள் இருந்தாலும், சில பொதுக் கேள்விகளை வைத்து எல்லோருடைய மதிப்பெண்ணையும் ஒரே அளவுகோலில் ஏற்றினார்கள். அதனால் 2021-ல் ஓர் ஊரில் இருந்த பிள்ளையை, 2019-ல் அதே ஊரில் அதே வயதில் இருந்த பிள்ளையோடு ஒப்பிட முடிந்தது. பெருந்தொற்று வராமல் இருந்திருந்தால் இந்தப் பிள்ளை எங்கே நின்றிருக்கும் என்ற கேள்விக்கு இதைவிட நெருக்கமான பதில் கிடைப்பது கடினம்.

அரசின் முடிவு: 2021 அக்டோபர்

ஆய்வின் முதல் முடிவு வருவதற்கு முன்பே அரசு இறங்கிவிட்டது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் 12 மாவட்டங்கள், பிறகு மாநிலம் முழுவதும். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் தினமும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேர வகுப்பு. நடத்துபவர் அதே குடியிருப்பைச் சேர்ந்த தன்னார்வலர். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தர அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டம் வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 20 பிள்ளைகள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். முதலில் ஆறு மாதத்துக்கு என்று திட்டமிடப்பட்டது.

தன்னார்வலர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பள்ளி நேரத்திலேயே ஆசிரியர்கள் விட்டுப்போன பாடத்தையும் சேர்த்து நடத்தலாம் என்பது ஒரு வழி. ஆனால் ஒரே வகுப்பில் கற்ற நிலை வெவ்வேறாக இருந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பிரித்துத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் ஆளும் நேரமும் கிடையாது. புதிதாக ஆசிரியர்களை நியமிக்க மாதக்கணக்கில் ஆகும். பாடத்தைக் குறைத்துவிட்டால் பிள்ளைக்குப் பாரம் குறையும், இடைவெளி குறையாது. ஊரிலேயே படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளம்பெண்கள் ஏராளம். அவர்களை அழைத்தால் சில வாரங்களில் தொடங்கலாம், பிள்ளை அதிக தூரம் போகவும் வேண்டாம். ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஊக்கத்தொகை மட்டும் மாதம் 20 கோடி ரூபாய். மாநில அரசின் கல்விச் செலவில் இது சிறு துளி.

எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. அதை ஒதுக்கிவிட்டு இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. தேசியக் கல்விக் கொள்கை 2020 தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் கொண்டுவரப் பேசுகிறது; அதையே மாநில அரசு வேறு பெயரில் செய்கிறதா என்று ஆசிரியர் அமைப்புகளும் அரசியல் கட்சிகளும் கேட்டன. 1,000 ரூபாய்க்கு ஆள் கிடைத்தால் நாளை ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படுமா என்ற அச்சம் நியாயமானது. பள்ளிக்கு வெளியே, சாயங்கால வேளையில், சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும், தன்னார்வலர் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் தங்கள் கருத்தைப் பிள்ளைகளிடம் விதைக்கலாமே என்ற கவலையும் எழுந்தன. தேசியக் கல்விக் கொள்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது பெருந்தொற்றுக்கான தற்காலிக ஏற்பாடு என்று அரசு விளக்கியது. தேர்வுமுறை, பயிற்சி, பள்ளித் தலைமையாசிரியரின் மேற்பார்வை ஆகியவற்றை அழுத்திச் சொன்னது.

2021 டிசம்பர்: தெரிய வந்த இழப்பு

பள்ளி திறந்த அடுத்த மாதம் கள ஆய்வாளர்கள் அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். ஏறத்தாழ 19,000 பிள்ளைகள். 2019-ல் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கமும், மொழியில் சுமார் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள்.

புள்ளியியல் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த எண் ஒன்றும் சொல்லாது. இப்படிப் பார்க்கலாம். 2019-ல் ஓர் ஊரின் 100 பிள்ளைகளைக் கணக்கு மதிப்பெண்படி கீழிருந்து மேலாக நிறுத்தினால், 50-வது இடத்தில் ஒரு நடுத்தரப் பிள்ளை நிற்கும். 2021 டிசம்பரில் அதே வயதுள்ள நடுத்தரப் பிள்ளையைக் கொண்டுவந்து அந்தப் பழைய வரிசையில் நிறுத்தினால் தோராயமாக 24-வது இடத்தில்தான் நிற்க முடியும். மொழியில் 37-வது இடம்.

வகுப்பறையில் இது எப்படித் தெரியும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘கல்’, ‘மரம்’, ‘படம்’ படித்துவிடும். ‘கொடி’ என்று எழுதிக் காட்டினால் நிற்கும். முன்னால் வரும் ஒற்றைக் கொம்பும் பின்னால் வரும் துணைக்காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அதற்கு யாரும் பழக்கிக்கொடுக்காத செய்தி. துணைக்காலைத் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு ‘கெ… ர… டி’ என்று எழுத்துக் கூட்டும். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 என்று ஒப்பித்துவிடும். உயிர்மெய் 216-ல் கொம்பு வரும் வரிசைகள் எல்லாம் இருட்டு. கணக்கில் 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும். 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடும். பத்தாமிடத்திலிருந்து கடன் வாங்குவது இரண்டாம் வகுப்பில் கைவர வேண்டிய பாடம். அந்த வகுப்பு நடக்கவே இல்லை. மூன்றாம் வகுப்புப் புத்தகம் அதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு பெருக்கலுக்குப் போய்விடும்.

கணக்கில் இழப்பு இரண்டு மடங்காக இருந்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: தமிழ் வீட்டிலும் தெருவிலும் பேருந்துப் பலகையிலும் தொலைக்காட்சியிலும் பிள்ளையின் கண்ணிலும் காதிலும் விழுந்துகொண்டே இருக்கிறது. கடன் வாங்கிக் கழிப்பதை வெளியில் எங்கும் கற்க முடியாது. கணக்கைப் பொறுத்தவரை பள்ளி மட்டுமே வழி.

சமத்துவக் கேள்விக்கு வருவோம். இழப்பு எல்லோருக்கும் சமமாக இல்லை. படிப்புக் குறைந்த தாய்மார்களின் பிள்ளைகள் கூடுதலாக இழந்திருந்தார்கள். 2019-லேயே கொஞ்சம் பின்னால் இருந்தவர்கள் இன்னும் பின்னால் தள்ளப்பட்டார்கள். பள்ளி இயங்கும் காலத்தில் வீட்டு வேறுபாட்டை அது எந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டிருந்தது என்பதைப் பள்ளி மூடிய காலம்தான் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அரசுப் பள்ளியில் ஒன்றும் கற்றுத் தருவதில்லை என்று எளிதாகப் பேசுபவர்கள் இந்த 0.7-ஐப் பார்க்க வேண்டும். பள்ளி ஒன்றும் கற்றுத் தராததாக இருந்தால், அதை மூடியதால் இவ்வளவு இழப்பு வந்திருக்காது.

மாலை வகுப்பு நடந்த விதம்

மையம் என்று சொல்லப்பட்டாலும் அதற்கெனக் கட்டடம் இல்லை. தன்னார்வலர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், பள்ளி வராந்தா என்று எது வசதியோ அங்கே நடந்தது. தொடங்குவதற்கு முன் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமுமாகப் பெற்றோரை அழைத்தன. 1990-களின் அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. படிப்பை ஊரின் பொதுக் காரியமாக்கும் அந்த அனுபவம் தமிழ்நாட்டிடம் ஏற்கெனவே இருந்தது.

பள்ளியில் டீச்சர் என்றும் மிஸ் என்றும் கூப்பிடும் பிள்ளைகள் இங்கே அக்கா என்று கூப்பிட்டார்கள். இதன் நடைமுறைப் பயன் பெரிது. பாடம் தெரியாது என்று டீச்சரிடம் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை, பக்கத்துத் தெரு அக்காவிடம் சொல்லும். வராத பிள்ளையை அக்கா வீட்டுக்கே போய்க் கூட்டி வருவார். பிள்ளையின் அம்மாவை அவருக்குத் தெரியும்; தண்ணீர் பிடிக்கும் இடத்திலோ ரேஷன் கடையிலோ பார்த்து, “சாயங்காலம் அனுப்புங்க அத்தை, கழித்தல்ல மட்டும் தடுமாறுறான்” என்று சொல்ல முடியும்.

பாடத்தில் அடிப்படை எழுத்தும் எண்ணும் முன்னுரிமை பெற்றன. எழுத்து அட்டை, குச்சிகளை வைத்து எண்ணுதல், பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டுதல், கதை, பாட்டு, விளையாட்டு. 42 என்பதை நாலு கட்டும் இரண்டு குச்சியுமாகக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, 17-ஐ எடுக்க வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும் என்பது தானாகவே புரியும். வகுப்புவாரிப் பாடத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி மாலை வகுப்புக்கு இல்லை. திட்டத்தின் பலம் இங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

எல்லா மையமும் ஒரே தரத்தில் நடக்கவில்லை. 2 லட்சம் பேர் நடத்தும் எதுவும் ஒரே தரத்தில் நடக்காது. ஒமைக்ரான் பரவலால் 2022 ஜனவரியில் பள்ளிகள் மறுபடி மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தன.

2022 மே: கிடைத்த பலன்

2021 டிசம்பர் முதல் 2022 மே வரை பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்திருந்தது. முன்பு சொன்ன வரிசையில், 24-வது இடத்துக்கு இறங்கிய பிள்ளை தோராயமாக 41-வது இடத்துக்கு ஏறி வந்திருந்தது. ஆய்வறிக்கை 2022 அக்டோபரில் வெளியானது.

மாலை வகுப்புக்குப் போன பிள்ளைகள் மூன்று, நான்கு மாதத்தில் போகாதவர்களைவிடக் கணக்கில் 0.17 திட்ட விலக்கமும் தமிழில் 0.09 திட்ட விலக்கமும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். மொத்த மீட்பில் சுமார் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இந்த 24-ஐ இரண்டு பக்கமும் தவறாகப் படிக்கிறார்கள். திட்டத்தை ஆதரிப்பவர்கள் தன்னார்வலர்களே பிள்ளைகளை மீட்டார்கள் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் கால்வாசிதானே என்கிறார்கள். மீட்பின் பெரும்பகுதி வந்தது பள்ளி திறந்ததாலும், ஆசிரியர்கள் வகுப்புக்குத் திரும்பியதாலும்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் இடத்தில் தன்னார்வலரை வைக்கலாம் என்பதற்கு இந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. அதே சமயம், நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாயில், ஒரு மாநிலமே சேர்ந்து இழப்பின் மீட்பில் கால்பங்கைச் செய்தது சாதாரண விஷயம் இல்லை. சிறிய அளவில் தொண்டு நிறுவனங்கள் நடத்திக் காட்டும் திட்டங்கள் அரசின் கைக்கு மாறி லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு விரியும்போது பெரும்பாலும் நீர்த்துப்போகும். இது தொடக்கத்திலேயே அரசின் கையில், பெரிய அளவில் நடந்து, பலனும் தந்தது.

இன்னொரு முடிவு எனக்கு இதைவிட முக்கியமானது. இழப்பு ஏழை வீடுகளில் கூடுதலாக இருந்ததுபோலவே மீட்பும் அந்த வீடுகளில் கூடுதலாக இருந்தது. பின்தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் மாலை வகுப்புக்கு அதிகம் போனார்கள் என்பது இதற்கு ஓரளவு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வசதியுள்ள வீட்டுக்கு டியூஷன் இருந்தது. மற்றவர்களுக்கு அக்கா வந்தார். பொதுவாக, எல்லோருக்கும் என்று திறந்து வைக்கும் திட்டத்தில் முதலில் நுழைபவர்கள் விவரம் தெரிந்தவர்கள். விண்ணப்பம், சான்றிதழ், இணையப் பதிவு என்று வாசலில் எதை வைத்தாலும் அது ஏழை வீட்டைத்தான் தடுக்கும். இங்கே பிள்ளைக்கு எந்தப் படிவமும் இல்லை, பயணமும் இல்லை, கட்டணமும் இல்லை. வகுப்பு நடந்த நேரமும் பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் நேரம்.

இந்த முடிவுகளை எவ்வளவு நம்பலாம்

19,000 பிள்ளைகளை வைத்துக் கண்ட இழப்பின் அளவும் மீட்பின் அளவும் வலுவானவை. திட்டத்தின் பங்கு என்று சொன்ன 24 சதவீதத்தை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மாலை வகுப்புக்கு யார் போவது என்பதைக் குடும்பங்களே முடிவு செய்தன. சீட்டுக் குலுக்கி எடுத்ததல்ல. படிப்பில் அக்கறையுள்ள பெற்றோர் அனுப்பியிருந்தால் பலன் கூடுதலாகத் தெரியும். மிகவும் பின்தங்கிய பிள்ளைகள் போயிருந்தால் குறைவாகத் தெரியும். இதைச் சரிசெய்ய, தொடக்கத்தில் ஒரே மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். நல்ல முறைதான், ஆனால் குலுக்கலுக்கு ஈடாகாது.

ஆய்வு கிராமப்புறத் தொடக்கப் பள்ளி வயதினரோடு நிற்கிறது. திட்டம் எட்டாம் வகுப்பு வரை நடந்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது, சென்னையின் கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்பதற்கு இந்த எண்களிலிருந்து விடை எடுக்கக் கூடாது.

அதன் பிறகு

ஆறு மாதத்துக்கென்று தொடங்கிய திட்டம் நீட்டிக்கப்பட்டது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலையை வைத்துப் பிரித்து, பள்ளி நேரத்திலேயே ஆசிரியர்கள் சொல்லித்தருவது அதன் முறை. 2025-க்குள் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் எட்டுவது இலக்காக இருந்தது. 2023-ல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. மாலை வகுப்பு செய்ததைப் பள்ளிக்குள் கொண்டுவந்த முடிவு இது. சரியான திசை என்பதில் எனக்கு ஐயமில்லை.

கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய் அளக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பு 2022-ல் நாடு முழுவதும் நடந்தது; அது இன்னொரு உண்மையை முன்னால் வைத்தது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் படிப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் 10.2 சதவீதம், 2022-ல் 4.8 சதவீதம். இந்திய அளவில் அது 27.3-லிருந்து 20.5 ஆனது. மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்ற முடிவையும் இந்த எண்ணையும் அருகருகே வைத்தால் முரண்போலத் தெரியும். முரண் இல்லை. மீட்பு என்று அளந்தது 2019-ன் நிலைக்கு எவ்வளவு அருகில் வந்தார்கள் என்பதை. அந்த 2019-ன் நிலையே தாழ்ந்திருந்தது. பத்தில் ஒரு பிள்ளை மட்டுமே முந்தைய வகுப்புப் பாடத்தைப் படித்த காலத்துக்குத் திரும்பிப் போவதை வெற்றி என்று கொள்ள முடியாது.

மாற்ற வேண்டியவை

இதே சூழல் மறுபடி வந்தால், திட்டத்தை விரிக்கும் விதத்தைத்தான் முதலில் மாற்றுவேன். 12 மாவட்டங்கள் முதலில், மற்றவை பிறகு என்று எப்படியும் படிப்படியாகத்தான் போனார்கள். எந்த ஒன்றியம் முதலில், எது இரண்டு மாதம் கழித்து என்பதைக் குலுக்கலில் முடிவு செய்திருந்தால் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. திட்டத்தின் பலன் எவ்வளவு என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைத்திருக்கும். சட்டமன்றத்திலும் ஆசிரியர் அமைப்புகளோடும் நடக்கும் வாதத்துக்கு அந்த விடை தேவைப்பட்டது.

இரண்டாவது, அளவீடு. 2019-ன் பட்டியல் கையில் இருந்தது நல்வாய்ப்பு. அடுத்த முறை வாய்ப்பை நம்பியிருக்கக் கூடாது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல், பொருளாதாரத் துறைகள் சில நூறு ஊர்களையும் நகரக் குடியிருப்புகளையும் தேர்ந்தெடுத்து, அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் வீட்டில் போய் அளந்து வர வேண்டும். முனைவர் பட்ட மாணவர்கள் ஏராளம் இருக்கிறார்கள். மொழி தெரியும், ஊர் தெரியும். அரசு செய்ய வேண்டியது நிதியும், முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடலாம் என்ற உறுதியும் கொடுப்பது. பள்ளிக் கல்வித் துறையின் தரவிலும் தாயின் கல்வி என்ற ஒரு கட்டம் சேர வேண்டும். மாவட்டச் சராசரி உயர்ந்தது என்ற அறிக்கையில், யார் உயர்ந்தார்கள் என்பது மறைந்துபோகிறது.

தன்னார்வலர்களின் நிலையும் மாற வேண்டும். கால்பங்கு மீட்பைச் செய்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நியாயமான தொகை அல்ல. ஆறு மாத ஏற்பாட்டுக்கு ஒருவேளை பொறுக்கலாம், ஆண்டுக்கணக்கில் நீளும்போது அது பெண்களின் உழைப்பை மலிவாக எடுத்துக்கொள்வது. ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேர விரும்பும் தன்னார்வலர்களுக்கு அந்த அனுபவத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம். கூடவே, காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவதோடு திட்டத்தின் நீட்டிப்பை எழுத்துப்பூர்வமாக இணைத்தால் தொடக்கத்தில் எழுந்த அச்சத்துக்கும் பதில் கிடைக்கும்.

பள்ளி மூடுவது பெருந்தொற்றோடு முடிந்த கதை அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும், அதே மாதம் பெருவெள்ளத்தால் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் பள்ளிகள் மூடின. புத்தகங்கள் நனைந்துபோன வீடுகள் எவை, அந்தத் தெருவில் மாலை வகுப்பு நடத்தியவர் யார் என்ற விவரம் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு பள்ளியிலும் அந்தப் பட்டியலும், ஒரு மாதத்துக்கான எழுத்து அட்டைகளும் கணக்குத் தாள்களும் தயாராக இருக்க வேண்டும். விடுமுறை அறிவித்த மூன்றாம் நாள் வகுப்பு தொடங்கும்படி செய்ய வேண்டும்.